காட்டில் பேள்வது எப்படி: ஒரு புத்தகம், ஒரு கையேடு, ஒரு அறிவிப்பு

கேத்லீன் மேயர் எழுதிய ‘ஹவ் டு ஷிட் இன் தி வுட்ஸ்’ 1989-இல் அமெரிக்காவில் வெளியானது. அதற்கப்புறம் மூன்று திருத்திய பதிப்புகள் வந்துவிட்டன, கடைசியாக 2020-இல். மலையேறுபவர்களுக்கு நடுவில் இது கிட்டத்தட்ட பாடநூல் மாதிரி. பையில் இடம் இல்லாவிட்டாலும் படித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

இன்னொரு புத்தகம் இருக்கிறது. அதை யாரும் பரிசாகக் கொடுப்பதில்லை. அப்பலாச்சியன் நடைபாதையைப் பராமரிக்கும் அமைப்பும், வெர்மான்ட் மாநிலத்தின் ‘பச்சை மலைக் கழக’மும் (கிரீன் மவுன்டன் கிளப்) சேர்ந்து 2001-இல் வெளியிட்ட ‘பேக்கன்ட்ரி சானிடேஷன் மேனுவல்’. அதாவது ரோடு போகாத காட்டுப்பகுதிகளுக்கான சுகாதாரக் கையேடு. படம், அட்டவணை, மரச்சட்டத்தின் அளவு, எரு எத்தனை நாளில் மக்கும் என்ற கணக்கு, இவ்வளவுதான். பாதையோரக் கக்கூஸைக் கட்டுபவர்களுக்கும் கழுவுபவர்களுக்கும் மட்டும் எழுதினது.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. மேயரின் புத்தகம் அழகாக எழுதப்பட்டது, ஆனால் ‘நான் எப்படிப் போறது?’ என்ற கேள்வியோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கையேடு வறட்சியாக எழுதப்பட்டது, ஆனால் ‘எல்லாரும் போனதுக்கு அப்புறம் அதை யார் அள்ளுறது?’ என்று கேட்கிறது. மலைப்பாதைக் கழிப்பறை பற்றிப் பேசணும்னா இரண்டாவது கேள்வியிலிருந்துதான் தொடங்கணும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் மொழி

மேயருக்குச் சேர வேண்டிய பெருமையைக் கொடுத்துவிடலாம். அவர் தலைப்பிலேயே கெட்ட வார்த்தையைப் போட்டது வியாபாரத் தந்திரம் மட்டும் இல்லை. மருத்துவ வார்த்தை, குழந்தை வார்த்தை, மழுப்பல் வார்த்தை எல்லாம் இருந்தும், பெரியவர்கள் நேருக்கு நேர் பேச ஒரு வார்த்தை வேண்டும் என்கிறார். வார்த்தை கூச்சப்பட்டால் வேலையும் ஒழுங்காக நடக்காது. தண்ணீருக்கு எவ்வளவு தூரத்தில் உட்காரணும், குழி எவ்வளவு ஆழம் வெட்டணும் என்று ஒருத்தருக்குச் சொல்லித்தர, முதலில் அதன் பேரைச் சொல்ல முடியணும்.

தமிழில் இதை மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். ‘வனத்தில் மலம் கழித்தல்’ என்று போட்டால் அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி ஆகிவிடும். ‘பேள்வது’ என்று போட்டால்தான் சரியான சூடு வரும். பெருமாள்முருகன் ‘பீக்கதைகள்’ என்று ஒரு தொகுப்புக்கே பேர் வைத்த மொழி இது, அதனால் வார்த்தைக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் நம்முடைய மழுப்பல் வார்த்தைகளைக் கவனிங்க. வெளிக்குப் போறது, கொல்லைக்குப் போறது, காட்டுக்குப் போறது, ஒதுங்கறது. எல்லாமே ஒரு இடத்துக்கு நகர்வதைச் சொல்கின்றன. அந்த இடமும் வீட்டுக்கு வெளியே.

இங்கேதான் மேயரின் துணைத்தலைப்பு இடிக்கிறது. அதில் இதை ‘தொலைந்துபோன கலை’ என்கிறார். அமெரிக்க நகரத்து ஆளுக்கு அது தொலைந்தது உண்மை. வீட்டில் தண்ணீர்க் கக்கூஸோடு வளர்ந்தவர், முதல் தடவை காட்டில் குந்தி உட்காரத் தெரியாமல் முழிக்கிறார். அவருக்குக் குந்துவது ஒரு பயிற்சி, ஒரு சாகசம். நம் ஊரில் பல பேருக்கு இது தொலையவே இல்லை. தொலைத்துவிடணும் என்றுதான் 2014-இல் தொடங்கி வீடு வீடாகக் கழிப்பறை கட்டினார்கள். இருட்டும்வரை அடக்கிக்கொண்டு காத்திருந்த பெண்களைக் கேட்டால் இதைக் கலை என்று சொல்ல மாட்டார்கள். இது மேயரின் குற்றம் இல்லை, அவர் தன் வாசகருக்கு எழுதினார். ஆனால் வெளியே போவதை ஒரு சுதந்திரமாகப் பார்ப்பதற்குப் பின்னால் ஒரு வீட்டுக் கழிப்பறை பத்திரமாக இருக்கிறது என்பதை மறந்துவிடக்கூடாது.

ஒரு ஆள், ஒரு குழி

மேயரின் அடிப்படைப் பாடம் எளிமையானது. தண்ணீர், பாதை, தங்குமிடம் மூன்றையும் விட்டு விலகிப் போ. கையளவு மண்கரண்டியால் குழி வெட்டு. முடித்ததும் மூடு. ஆங்கிலத்தில் இதற்குப் பேரே பூனைக்குழி. ‘தடம் விடாதே’ என்ற கொள்கையைப் பரப்பும் அமைப்பு இதற்கு அளவும் சொல்கிறது: 6 முதல் 8 அங்குல ஆழம், தண்ணீரிலிருந்து 200 அடி, அதாவது சுமார் 60 மீட்டர் தள்ளி. இலையும் சருகும் மக்கிக் கிடக்கும் மேல்மண்ணில்தான் நுண்ணுயிர் அதிகம், அதனால் ரொம்ப ஆழமாகவும் போகக்கூடாது.

இது ஒரு ஆளுக்குச் சரி. பத்து ஆளுக்கும், பரந்த காடாக இருந்தால், சரி. சிக்கல் எங்கே வருகிறது என்றால், மலையேறுகிற கூட்டம் காடு முழுக்கப் பரவி நடப்பதில்லை. எல்லாரும் ஒரே பாதையில் நடக்கிறார்கள், ஒரே ஊற்றுப் பக்கத்தில் தங்குகிறார்கள், காலையில் ஒரே நேரத்தில் ஒதுங்குகிறார்கள். மேடு, முள், பாறை எல்லாம் கழித்துவிட்டால் குழி வெட்ட லாயக்கான இடம் ஒவ்வொரு தங்குமிடத்தைச் சுற்றியும் கொஞ்சம்தான். நாலாவது நாள் வந்தவன் வெட்டுகிற குழியில் முதல் நாள் வந்தவனுடையது இருக்கும்.

மக்கிவிடாதா என்றால், அவ்வளவு வேகமாக மக்காது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து மலைகளில் செய்து 1980-இல் வெளியான ஒரு ஆய்வில், நோய்க்கிருமி கலந்த மலத்தைப் பூனைக்குழி மாதிரி புதைத்துவைத்துப் பார்த்தார்கள். பனிக்காலம் முடிந்த பிறகும் சால்மொனெல்லா உயிரோடு இருந்தது. குழி ஆழமா மேலாப்பா என்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. டாஸ்மேனியாவில் கழிப்பறைக் காகிதத்தைப் புதைத்துப் பார்த்த ஆய்வு ஒன்றும் இருக்கிறது. குளிரும் ஈரமும் கூடிய உயர்மலை மண்ணில் காகிதம் மக்குவது மிக மெதுவாகத்தான் நடக்கிறது. காரணம் சிக்கலானது இல்லை. மக்கவைக்கும் உயிரிகளுக்குச் சூடு வேணும், காற்று வேணும். மலை உச்சியில் இரண்டும் குறைச்சல்.

கிரேட் ஸ்மோக்கி மலைகளில், அப்பலாச்சியன் பாதை போகும் வழியில், பல தங்கும் கொட்டகைகளில் நெடுங்காலம் கழிப்பறையே இல்லை. ‘கழிப்பிடப் பகுதி’ என்று ஒரு திசையைக் காட்டுவதோடு சரி. அந்தத் திசையில் மேயர் சொன்ன பாடம் அத்தனையும் ஒருசேரத் தோற்றுப்போவதை நடந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தரும் ஒழுங்காக நடந்துகொண்டாலும் மொத்தம் நாறும். ஒருத்தருக்கான ஒழுக்கத்தைக் கூட்டத்தால் பெருக்கினால் ஒரு ஏற்பாடு கிடைத்துவிடாது.

மேயருக்கு இது தெரியாமல் இல்லை. அவருக்கு ஆற்றுப் படகுப் பயணங்களில் அனுபவம் உண்டு. கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யன் பகுதியில் மொத்தக் கழிவையும் பெட்டியில் அடைத்துப் படகிலேயே எடுத்துப்போவது பல பத்தாண்டுகளாக விதி. ராணுவத்தின் பழைய வெடிமருந்துத் தகரப்பெட்டியைத்தான் முதலில் அதற்குப் பயன்படுத்தினார்கள். அதன் விளிம்பில் நேராக உட்கார்ந்தால் பின்புறத்தில் இரண்டு கோடு பள்ளமாக விழும். அதனால் ‘க்ரூவர்’ என்று பேர் வந்தது, தமிழில் ‘வடுப்போடி’ என்று சொல்லிக்கொள்ளலாம். பிந்தைய பதிப்புகளில் மேயர் இந்தச் சுமந்துபோகும் முறைகளுக்கு நிறைய இடம் கொடுக்கிறார். ஆனால் அங்கேயும் அவர் பார்வை போகிறவர் மேலேயே இருக்கிறது. என்ன பெட்டி வாங்கலாம், எப்படிச் சுமக்கலாம், எப்படி நாறாமல் பார்த்துக்கலாம். பெட்டி ஊர் வந்து சேர்ந்ததும் கதை முடிந்துவிடுகிறது.

கையேடு எழுதினவர்கள் கண்ட உலகம்

அப்பலாச்சியன் பாதை ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரைக்கும் 14 மாநிலங்கள் வழியாகச் சுமார் 3,500 கி.மீ. போகிறது. 1937-இல் ஒரே தொடர்ச்சியாக முடிந்தது. ஒரு நாள் நடைக்கு ஒன்று என்ற கணக்கில் 250-க்கும் மேற்பட்ட தங்கும் கொட்டகைகள். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறந்திருக்கும் மரக்கொட்டகை. பெரும்பாலான கொட்டகைகளுக்குப் பின்னால் ஒரு கக்கூஸ். இவற்றில் பெரும்பங்கைக் கட்டுவதும் காப்பதும் தன்னார்வக் கழகங்கள். பச்சை மலைக் கழகம் அவற்றில் ஒன்று, 1910-இலிருந்து இருக்கிறது.

பழைய முறை குழிக் கக்கூஸ். குழி வெட்டி, மேலே மரக்கூண்டை நிறுத்தி, நிறைந்ததும் பக்கத்தில் இன்னொரு குழி வெட்டிக் கூண்டை நகர்த்துவார்கள். நம் கிராமங்களிலும் பழகின முறைதான். ஆனால் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் மலைகளில் ஒரு முழம் தோண்டுவதற்குள் பாறை வந்துவிடும், இல்லையென்றால் தண்ணீர் ஊறிவிடும். 1970-களில் நடைக்கூட்டம் பெருகியபோது அடுத்த குழிக்கு இடம் இல்லாமல் போயிற்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஆள் நாளைக்குச் சராசரியாக 130 கிராம் மலம் கழிக்கிறார் என்று வையுங்க. ஒரு கொட்டகையில் இரவுக்கு 20 பேர், 150 நாள் பருவம். கிட்டத்தட்ட 390 கிலோ. சிறுநீர் தனி. ஒரே ஒரு கொட்டகைக்கு இது. ரோடு கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது, மின்சாரம் கிடையாது.

கையேடு இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. அது விவரிக்கும் முறைகளில் இரண்டு முக்கியம்.

ஒன்று, தொட்டியில் மக்கவைப்பது. கக்கூஸுக்கு அடியில் ஒரு பெரிய கலம் இருக்கும். நிறைந்ததும் காவலர் ஒருத்தர் அதைக் காலி செய்து, மூடிபோட்ட மக்கல் தொட்டியில் மரப்பட்டைத் துகளோடு கலக்கணும். மலத்தில் நைட்ரஜன் அதிகம், மரத்தில் கார்பன் அதிகம். இரண்டும் சரிவிகிதத்தில் சேர்ந்து காற்றும் பட்டால் குவியல் தானாகச் சூடேறும். அந்தச் சூட்டில் கிருமி சாகும். ஆனால் சும்மா விட்டால் சூடு வராது. சில நாளுக்கு ஒரு தடவை கிளறிக்கொடுத்துக்கொண்டே இருக்கணும். பிறகு தட்டில் பரப்பிக் காயவைத்து, கடைசியில் காட்டுத் தரையில் மெல்லிசாகத் தூவிவிடுவார்கள். வேலை நிறைய, உடம்பு நோக.

இரண்டாவது, மண்புழு முறை. 1990-களின் பிற்பகுதியில் வெர்மான்ட் தன்னார்வலர்கள் இதை நடைபாதைக்குக் கொண்டுவந்தார்கள். குழி தோண்டாமல், தரைக்கு மேலே மரச்சட்டங்களை அடுக்கி ஒரு தொட்டி. அதற்கு மேலே கக்கூஸ். தரைக்கு மேலே இருப்பதால் காற்று புகும், புழுக்கள் மேல்மண்ணிலேயே வாழும். போகிறவர் ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி மரச்சீவலோ சருகோ போடணும். தொட்டி நிறைந்ததும் கூண்டைப் பக்கத்துத் தொட்டிக்கு நகர்த்திவிட்டு, இதை வருஷக்கணக்கில் ஆறப்போடலாம். சூடேறாது, அதனால் மெதுவாகத்தான் மக்கும். ஆனால் கிளற வேண்டிய வேலை மிகக் குறைவு. நம் ஊரில் மண்புழு உரம் போடுகிறவர்களுக்கு இதைப் பாதி வரியில் புரியவைத்துவிடலாம்.

பெரிய கண்டுபிடிப்பு மாதிரித் தெரியாது. ஆனால் இந்த மாற்றத்தின் இலக்கைக் கவனிங்க. போகிறவருக்கு வசதி கூட்டுவது முதல் நோக்கம் இல்லை. அள்ளுகிறவர் பச்சை மலத்தைத் தொட வேண்டிய அவசியத்தைக் குறைப்பதுதான் நோக்கம். முதல் முறையில் அவர் நேற்றைய மலத்தைக் கிளறுகிறார். இரண்டாவதில் வருஷம் கழித்து, ஏறக்குறைய மண்ணாகிவிட்ட ஒன்றை அள்ளுகிறார். ஒரு கழிப்பறை வடிவம் நல்லதா கெட்டதா என்று சொல்ல எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

கையேட்டின் நடை பற்றியும் ஒரு வார்த்தை. அது சிரிப்பு மூட்டுவதில்லை, அருவருப்பும் காட்டுவதில்லை. கையுறை போடு, இந்த வேலைக்கென்று தனி உடை, தனிக் கருவி வை, சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவு. இதே நடைதான் முழுக்க. இன்னொருத்தருடைய மலத்தைக் கையாளப் போகிற மனிதர் அந்தப் பக்கத்தைப் படிக்கிறார், அவருக்கு நோய் வரக்கூடாது என்ற அக்கறை தவிர வேறு எந்த உணர்ச்சியும் அங்கே இல்லை. என்னைக் கேட்டால் மேயரின் நகைச்சுவையைவிட இது பெரிய சாதனை. நகைச்சுவை கூச்சத்தைத் தாண்ட உதவுகிறது. இங்கே கூச்சமே பேச்சுக்கு வரவில்லை.

பை என்ற தப்பித்தல்

மூன்றாவது வழி ஒன்று இருக்கு. கலிஃபோர்னியாவின் விட்னி சிகரம், 4,421 மீட்டர். அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவிலேயே உயரமான மலை. அதன் முக்கியப் பாதையில் முன்பு சூரிய ஒளியில் இயங்கும் கழிப்பறைகள் இருந்தன. கூட்டத்தைத் தாங்க முடியாமல், பராமரிக்கிறவர்கள் படுகிற பாடும் சேர்ந்து, 2000-களின் இரண்டாம் பாதியில் அவற்றை எடுத்துவிட்டார்கள். இப்போது அனுமதி வாங்குகிறவர்களுக்கு ஒரு பை கொடுக்கிறார்கள். உள்ளே ஈரத்தை உறிஞ்சிக் களிம்பாக்கும் தூள். அதில் போய், மூடி, சுமந்து வந்து, அடிவாரத் தொட்டியில் போடணும்.

பையை நான் ஒதுக்கவில்லை. மரமோ மண்ணோ இல்லாத பாறைமேட்டில், பனிப்பாறையில் வேறு வழி இல்லை. அலாஸ்காவின் டெனாலி மலையில் பனிப்பிளவுக்குள் போட்டது பனிப்பாறையோடு நகர்ந்து பல வருஷம் கழித்து கீழே வெளிவரும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அங்கே இப்போது டப்பா கட்டாயம். ஆனால் பை வந்ததும் ‘அவரவர் பொறுப்பு’ என்ற பேச்சு வந்துவிடுகிறது. தொண்ணூறு பேர் சுமந்து வருவார்கள், பத்துப் பேர் ‘திரும்பும்போது எடுத்துக்கலாம்’ என்று பாறை இடுக்கில் வைத்துவிட்டு மறந்துபோவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்க. விட்னி பாதையில் அப்படி விட்டுப்போன பைகளை வனக் காவலர்களும் தன்னார்வலர்களும் பொறுக்கிச் சுமக்கிறார்கள். கழிப்பறையை எடுத்துவிட்டதால் அள்ளுகிற வேலை ஒழியவில்லை. அந்த வேலைக்கு இருந்த இடமும் கருவியும்தான் ஒழிந்தன.

அள்ளுவது யார்

இந்தக் கையேட்டைத் தமிழில் படிக்கிறவருக்கு ஒரு கேள்வி வந்தே தீரும். கல்லூரிப் படிப்பு படித்த இளைஞர்கள், கோடைவிடுமுறையில், குறைந்த சம்பளத்துக்கோ சம்பளமே இல்லாமலோ அடுத்தவர் மலத்தைக் கிளறப் போகிறார்கள். திரும்பி வந்து அதைப் பெருமையாகவும் சொல்கிறார்கள். இது எப்படி முடிகிறது?

முடிகிறது, ஏனென்றால் அந்த மண்வாரி அவர்கள் கைக்குப் பிறப்பால் வரவில்லை. ஒரு கோடை முடிந்ததும் கீழே வைத்துவிட்டுப் போகலாம். அடுத்த வருஷம் வேறு யாரோ எடுப்பார்கள். அவர் மகன் எடுக்கணும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நம் ஊரில் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 1993-இல் ஒரு சட்டம், போதாமல் 2013-இல் இன்னொன்று. அப்படியும் மலக்குழியில் இறங்கிச் சாவது நிற்கவில்லை. திவ்யபாரதி 2017-இல் எடுத்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே அந்த வேலை குறிப்பிட்ட சாதிகளின் தலையில் கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் படத்தின் மையம்.

அதனால் அமெரிக்கத் தன்னார்வலர் நம்மைவிட உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் ஊருக்குள் கழிவு வேலை யார் செய்கிறார்கள் என்று பார்த்தால் வேறு கதை வரும். நான் சொல்வது இன்னும் சின்ன விஷயம். இந்த வேலை தன்னளவில் இழிவானது இல்லை, ஆபத்தானது மட்டும்தான் என்பதற்கு அந்தக் கையேடு ஒரு அத்தாட்சி. ஆபத்தைக் கையுறையாலும் நீளக் கைப்பிடியாலும் நல்ல வடிவமைப்பாலும் குறைக்கலாம். இழிவு என்று நாம் சொல்வது மலத்தில் இல்லை, அதை யார் தலையில் வைக்கிறோம் என்பதில் இருக்கு.

சுவரில் ஒட்டின காகிதம்

மேயரை நடப்பவர் படிக்கிறார். கையேட்டைக் காப்பவர் படிக்கிறார். இருவரும் சந்திக்கிற ஒரே இடம் கக்கூஸ் சுவரில் ஒட்டின அறிவிப்பு. என் பார்வையில் இந்தத் துறையின் மிக முக்கியமான எழுத்து வகை அதுதான், மிக மோசமாக எழுதப்படுவதும் அதுதான்.

சிக்கலைப் பாருங்க. மக்கவைக்கும் கக்கூஸில் ஒரு பிடி சருகு போடணும். குழிக் கக்கூஸில் அதையே செய்தால் குழி சீக்கிரம் நிறைந்துவிடும். பல இடங்களில் சிறுநீரை வெளியே மரத்தடியில் போகச் சொல்கிறார்கள், ஈரம் கூடினால் காற்று போகாமல் குவியல் நாறும் என்பதால். சில இடங்களில் அப்படி ஒன்றும் இல்லை. நேற்றைய கொட்டகையில் கற்ற நல்ல பழக்கம் இன்றைய கொட்டகையில் தப்பாகிவிடும். களைத்துப்போய், அவசரத்தில், நெற்றிவிளக்கு வெளிச்சத்தில் படிக்கிறவருக்கு இதை இரண்டு வரியில் சொல்லணும். பல அறிவிப்புகள் ‘செய்யாதே’ பட்டியலாகவே நின்றுவிடுகின்றன. ஏன் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்: ‘நீங்கள் போடும் குப்பையை எங்களில் ஒருவர் கையால் பொறுக்கி எடுக்கிறார்’. இதைப் படித்துவிட்டு ஈரத்துடைப்பானை உள்ளே போட முரட்டு மனசு வேணும்.

நல்ல உதாரணமும் உண்டு. மெய்னில் பியாட்ஸா ராக் கொட்டகையில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரட்டைக் கக்கூஸ் ஒன்று இருக்கிறது. நடுவில் கிரிபேஜ் என்ற சீட்டாட்டத்துக்குப் புள்ளி வைக்கும் துளைப்பலகை. பேர் ‘யுவர் மூவ்’, அதாவது ‘உன் முறை’. கட்டினவர்களுக்கு நகைச்சுவை இருக்கிறது, ஆனால் அந்த நகைச்சுவை அள்ளுகிறவரின் பக்கத்திலிருந்து வருகிறது. நடைக்காரர்கள் அதை அன்போடு நினைவில் வைத்திருக்கிறார்கள். முள்ளம்பன்றிகளும் இந்தக் கக்கூஸ்களை விரும்பும், மரத்தில் ஊறின சிறுநீரின் உப்புக்காக இருக்கையையே கடித்துத் தின்றுவிடும். அதையும் பழுதுபார்க்க யாரோ ஒருத்தர் பலகை சுமந்து மலையேறணும்.

கையேட்டு உலகத்துக்கும் ஒரு குறை இருக்கு. மண்புழு முறையில் தொட்டி தரைக்கு மேலே என்பதால் இருக்கை உயரத்துக்குப் போய்விடுகிறது, படி ஏறணும். முழங்கால் வலிக்காரருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் அது தடை. ‘மலையேறத் தெரிந்தவருக்குப் படி ஏறத் தெரியாதா’ என்ற கிண்டல் உடனே வரும். நியூ ஹாம்ப்ஷயரின் கேல்ஹெட் விடுதியைப் புதுப்பித்தபோது சக்கர நாற்காலிக்குச் சாய்தளமும் ஏற்ற கழிப்பறையும் வைத்தார்கள். இதே கிண்டல் அப்போதும் வந்தது. 2000-இல் சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் ஒரு குழு அந்த விடுதிக்கு ஏறிக் காட்டியது. படியில் தவழ்ந்து ஏறலாமே என்று கேட்டவர்களுக்குப் பதில் என்னவென்றால், அப்படியானால் உங்களுக்கு மட்டும் படி எதற்கு, ஜன்னல் வழியாகக் குதித்துப் போகலாமே. மேயர் பெண்களுக்கென்று ஒரு அத்தியாயம் எழுதினார், அது அந்தப் புத்தகத்தின் மிகப் பயனுள்ள பக்கங்களில் ஒன்று. இங்கே அவருடைய ‘ஒரு உடம்பு எப்படிப் போகும்’ என்ற கேள்வி கையேட்டுக்கே தேவைப்படுகிறது.

ஆக, இரண்டில் எதைப் படிக்கலாம்? மலைக்குத் தனியாகவோ சின்னக் குழுவாகவோ போகிறவர்கள் மேயரைப் படிங்க. சிரித்துக்கொண்டே வேலை கற்கலாம். மலைப்பாதையைத் திறந்து ஆட்களை வரவழைக்கிறவர்கள், கட்டணம் வாங்குகிறவர்கள், கையேட்டைப் படிக்கணும். தமிழ்நாட்டில் வனத்துறை 2024-இல் 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. பாதை பெருகும், கூட்டம் கூடும். அப்போது ஒரு பாதையில் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாதீங்க. நிறைந்தால் யார் காலி செய்வார், எந்தக் கருவியால், என்ன சம்பளத்துக்கு, அவர் கை கழுவ சோப்பும் தண்ணீரும் மேலே இருக்கா என்றும் கேளுங்க. அந்த நாலு கேள்விக்கும் எழுத்தில் பதில் இருந்தால் அது நல்ல கழிப்பறை. இருக்கை கொஞ்சம் ஆடினாலும் பரவாயில்லை.